மலர்த்துளியும் நாயின் அச்சமும்

மனிதரின் மனச்சோர்வுக்கும் அச்சத்துக்கும் என்று இங்கிலாந்தில் தோன்றிய மலர் மருத்துவம் இன்று வீட்டு நாய்க்கும் பூனைக்கும், சில இடங்களில் குதிரைக்கும் கிளிக்கும்கூட, பரிந்துரைக்கப்படும் முறையாக வளர்ந்திருக்கிறது. பூவை நீரில் இட்டு வெயிலில் வைத்தால் அப்பூவுக்குரிய ஏதோ ஓர் ஆற்றல் நீருக்குள் இறங்குகிறது என்பதும், அந்த நீரின் சில துளிகள் உயிரினத்தின் மனநிலையைத் திருத்துகின்றன என்பதும் இம்முறையின் அடிப்படை நம்பிக்கைகள். வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் ஒடுங்கும் நாய், வீட்டார் வெளியே போனதும் கதவைப் பிராண்டும் நாய், புது வீட்டுக்கு வந்தபின் கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும் பூனை ஆகியவற்றை வளர்ப்போர்தான் இத்துளிகளைத் தேடி வாங்குகின்றனர்.

புதுச்சேரி நகரின் வடக்கே, மகாத்மா காந்தி சாலையும் மணிக்கூண்டும் அங்காடியும் நெசவாளர் தெருக்களும் சோலை நகர் மீனவர் குடியிருப்பும் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும் முத்தியால்பேட்டை போன்ற ஒரு பகுதியில் இந்த நம்பிக்கை அந்நியமாகத் தோன்றாததற்குக் காரணங்கள் உண்டு. இப்பகுதிக்குத் தெற்கே உள்ள ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில், 1920 முதல் புதுச்சேரியிலேயே நிலையாகத் தங்கிய மிரா அல்ஃபாஸா, அதாவது அடியவர்கள் அன்னை என்றழைக்கும் பெருமாட்டி, நூற்றுக்கணக்கான மலர்களுக்கு அகப்பொருள் சொல்லிப் பெயரிட்டார். துளசிக்குப் பக்தி, எருக்கம்பூவுக்குத் துணிவு, மல்லிகைக்குத் தூய்மை, நாகலிங்கப்பூவுக்குச் செழிப்பு, சம்பங்கிக்குப் புதிய படைப்பு என அப்பட்டியல் நீள்கிறது. அடியவர் கையில் அன்னை ஒரு பூவைத் தந்தால் அது ஒரு சொல்லைத் தந்ததற்கு ஒப்பாகக் கொள்ளப்பட்டது. தமிழ் மரபும் இதற்கு முன்பே பூவோடு மனநிலையை முடிந்து வைத்ததுதான்: குறிஞ்சி புணர்தலுக்கும் முல்லை இருத்தலுக்கும் மருதம் ஊடலுக்கும் நெய்தல் இரங்கலுக்கும் பாலை பிரிதலுக்கும் உரியன என்று அகத்திணை இலக்கணம் வகுத்திருக்க, பிரிவுக்கு ஒரு பூ உண்டு என்று சொல்பவரைத் தமிழ்ச் செவி உடனே மறுத்துவிடுவதில்லை.

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் காணாமல் விட்டால் எல்லாம் குழம்பிவிடும். திணைப்பெயர் கவிதைக்குரிய குறியீடு. அன்னை இட்ட பெயர் தியானத்துக்குரிய பொருள். இவ்விரண்டும் ஒரு பூவைக் கண்ணால் கண்டு மனத்தால் கொள்ளும் மனிதனை நோக்கியவை. முல்லை என்பது காத்திருத்தல் என்று அறியாத நாயின் நாக்கில் முல்லைத் துளியை விட்டால் அந்தப் பொருள் எவ்வழியே அதனுள் செல்லும் என்ற கேள்விக்குக் குறியீட்டு மரபில் விடையில்லை. மலர் மருத்துவமோ தன்னைக் குறியீடு என்று சொல்லிக்கொள்ளவில்லை, மருந்து என்றே சொல்கிறது. எனவே மருந்துக்குரிய சோதனைகளுக்கு அது உட்பட்டாக வேண்டும்.

இம்முறையை வகுத்தவர் எட்வர்ட் பாட்ச் என்னும் ஆங்கிலேய மருத்துவர். 1886-இல் பர்மிங்காமை அடுத்த மோஸ்லியில் பிறந்த அவர், நுண்ணுயிரியல் அறிஞராகப் பணியாற்றி, 1919-இல் இலண்டன் ஹோமியோபதி மருத்துவமனையில் சேர்ந்து, 1930-இல் நகரத் தொழிலைத் துறந்து நாட்டுப்புறத்துக்குச் சென்று, நோய்க்கு வேர் உடலில் இல்லை, மனத்தின் ஒத்திசையாமையில் இருக்கிறது என்ற முடிவோடு காட்டுப் பூக்களை ஆராயலானார். 1936-இல் அவர் மறைவதற்குள் மருந்துகள் முப்பத்தெட்டாயின. அவற்றுள் ஒன்றான ராக் வாட்டர் பூவே அன்று, வெறும் ஊற்றுநீர் என்பது பலர் அறியாத செய்தி. மற்றொன்றான இம்பேஷியன்ஸ், பொறுமையின்மைக்கு உரியது. நம் வீட்டுத் தோட்டத்துக் காசித்தும்பையின் இனத்தைச் சேர்ந்த, இமயமலையைத் தாயகமாகக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட செடி அது. முதிர்ந்த காயைத் தொட்டதும் வெடித்து விதை தெறிக்கும் அதன் இயல்பைக் கண்டு தாவரவியலார் வைத்த பெயரே பொறுமையின்மையைச் சுட்டுவது. செடியின் தோற்றத்திலும் பழக்கத்திலும் அதன் குணத்தை வாசிக்கும் இந்தப் பழைய சிந்தனை மலர் மருத்துவத்தில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதற்கு அது ஒன்றே போதுமான சான்று.

மருந்து செய்யும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும், ஏனெனில் விவாதம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. மென்மையான பூக்களைக் கண்ணாடிக் கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டு ஏறத்தாழ மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பது ஒரு முறை, மரத்தன்மை மிக்க தளிர்களையும் பூக்களையும் அரை மணி நேரம் கொதிக்கவைப்பது மற்றொரு முறை. பூவை எடுத்துவிட்டு அந்நீருடன் சம அளவு பிராந்தி கலந்தால் அது தாய்க்கரைசல். தாய்க்கரைசலில் இரண்டு துளியை முப்பது மில்லிலிட்டர் பிராந்தியில் விட்டால் கடையில் விற்கும் குப்பி. அக்குப்பியில் இரண்டு துளியை மறுபடி முப்பது மில்லிலிட்டர் நீரில் விட்டால் நாளுக்கு நான்கு முறை, முறைக்கு நான்கு துளி என்று கொடுக்கப்படும் மருந்து. ஒரு மில்லிலிட்டருக்கு இருபது துளி என்று கொண்டு கணக்கிட்டால், பூ மிதந்த நீரின் பங்கு அம்மருந்தில் ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பதாயிரத்தில் ஒன்று. பூவில் உள்ள வேதிப்பொருளின் பங்கோ அதனினும் மிகச் சிறிது. மல்லிகைச் சரம் கிடந்த தண்ணீரில்கூட இதைவிட மிகுதியாகப் பூ இருக்கும். மணமும் சுவையும் எஞ்சுவதில்லை என்பதை இம்முறையினரே மறுப்பதில்லை. வேதியியல் வழியாக அன்று, ஆற்றல் வழியாகவே இது செயற்படுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அந்த ஆற்றலை அளந்து காட்டும் கருவி எதுவும் இன்றுவரை இல்லை.

விலங்குகளுக்கென்று வரும்போது, மனிதருக்குச் சொன்ன குணங்களே அப்படியே பெயர்த்து வைக்கப்படுகின்றன. இடி, வெடி போன்ற பெயர் சொல்லக்கூடிய அச்சத்துக்கு மிமுலஸ், காரணம் தெரியாத நடுக்கத்துக்கு ஆஸ்பென், பொறாமையோடு கூடிய சினத்துக்கு ஹாலி, பழைய வீட்டை எண்ணி ஏங்குவதற்கு ஹனிசக்கிள், இடமாற்றத்துக்கு வால்நட், எப்போதும் காலைச் சுற்றிக்கொண்டு கவனம் கோரும் பிராணிக்குச் சிக்கரி. அதிர்ச்சிக்கு ராக் ரோஸ், இம்பேஷியன்ஸ், கிளமட்டிஸ், ஸ்டார் ஆஃப் பெத்லஹேம், செரி பிளம் ஆகிய ஐந்தும் கலந்த ரெஸ்கியூ ரெமடி என்னும் கூட்டுமருந்து தரப்படுகிறது. உலகெங்கும் மிகுதியாக விற்பதும் அதுவே. நாய்க்குப் பொறாமை உண்டா என்பதே நடத்தையியலார் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கும் கேள்வியாக இருக்க, பொறாமைக்கு மருந்து மட்டும் தயாராக இருப்பது சற்று விந்தைதான்.

இனிச் சோதனைகள். எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்சார்ட் எர்ன்ஸ்ட் 2010-இல், மனிதரிடம் செய்யப்பட்ட ஏழு சமவாய்ப்பு ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். போலிமருந்து, அதாவது மருந்துப்பொருள் ஏதுமின்றி மருந்துபோலவே தோன்றும் துளி, ஒரு சாராருக்கும் மலர்த்துளி மறு சாராருக்கும் தரப்பட்ட ஆய்வுகள் அனைத்திலும் இரண்டுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. துளி பெற்றவர் பலர் தேறினர் என்பது உண்மை, போலித்துளி பெற்றவரும் அவ்வாறே தேறினர் என்பதும் உண்மை.

இங்கே ஒரு மறுப்பு வழக்கமாக எழுகிறது: மனிதனுக்கு நம்பிக்கை உண்டு, ஆகவே போலிமருந்து பலிக்கலாம், தான் மருந்து உண்பதையே அறியாத நாய் எவ்வாறு தேறும்? வலுவானது போலத் தோன்றும் இக்கேள்விக்கு விடை நாயிடம் இல்லை, நாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனிடம் இருக்கிறது. மூட்டுவாதத்தால் நொண்டிய நாய்களைப் பற்றி அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் 2012-இல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. போலிமருந்து பெற்ற 58 நாய்களின் நடையில் கால் ஊன்றும் விசை தரையில் பதித்த கருவியால் அளக்கப்பட்டது. உரிமையாளர்களும் மருத்துவர்களும் தங்கள் கண்ணால் கண்டதைத் தனியே பதிவு செய்தனர். கருவி முன்னேற்றம் ஏதும் காட்டாத நிலையிலும் முன்னேற்றம் கண்டதாகச் சொன்ன உரிமையாளர் மதிப்பீடுகள் ஏறத்தாழ 40 விழுக்காடு. பயிற்சி பெற்ற மருத்துவர்களின் கண்ணும் அதே அளவுக்கு ஏமாந்தது. காப்பாளர் வழிப் போலிமருந்து விளைவு என்று இதனைச் சொல்கின்றனர். எலும்புநோயிலேயே இப்படியென்றால், அளவுகோலே இல்லாத அச்சத்திலும் ஏக்கத்திலும் கண் எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பதை ஊகிக்கலாம்.

காலமும் மருந்தின் பெயரில் வேலை செய்கிறது. புது வீட்டுக்கு வந்த பூனை சில வாரங்களில் தானாகவே பழகும். தீபாவளி வெடி நான்காம் நாள் ஓயும். தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்து தேடப்படுகிறது என்பதால், அதன்பின் இறங்குமுகம் வருவது இயல்பு. அந்த இறக்கத்தின் புகழ் குப்பிக்குப் போய்ச் சேர்கிறது. துளி கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் வீட்டாரின் குரலும் அசைவும் அமைதியடைய, அதைக் கண்டு பிராணியும் அமைதியடைவதும் உண்டு.

இவ்வளவும் தீங்கற்ற நம்பிக்கை என்று விட்டுவிடலாமா என்றால், விட முடியாத இடங்கள் உள்ளன. நடத்தை மாற்றம் எப்போதும் மனத்தில்தான் தொடங்குகிறது என்றில்லை. திடீரென்று கடிக்கத் தொடங்கும் நாய்க்குக் காதுப்புண்ணோ மூட்டுவலியோ இருக்கலாம். கண்ட இடத்தில் முக்கி முக்கிச் சிறுநீர் கழிக்க முயலும் ஆண்பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைபட்டிருக்கலாம். அவ்வடைப்பு இரண்டு மூன்று நாட்களில் உயிரைப் பறிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்நாட்டில் ஒரு நாயின் இயல்பு திடுமென மாறினால் முதலில் நினைக்க வேண்டியது வெறிநோயை. தடுப்பூசி போடாத, முகம் மாறிய நாயின் வாயருகே துளிக்குப்பியை நீட்டுவது கொடுப்பவரின் உயிரோடு விளையாடுவது. கடிபட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி உடனே தடுப்பூசிக்குச் செல்வதுதான் வழி. கோயில் யானை இடைவிடாது ஆடிக்கொண்டிருப்பதைக் குழந்தைகள் நடனம் என்று கைகொட்டி ரசிப்பதுண்டு. கட்டுண்ட, தனித்த வாழ்வில் தோன்றும் அந்த ஓயாத அசைவைக் கட்டை அவிழ்த்து நடக்கவிடுவதும் துணை சேர்ப்பதும் குறைக்கலாம், துளி எதுவும் குறைக்காது. புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று நடைபயிற்சியில் சரிந்து இறந்தபோது ஊரே தெருவில் திரண்டு அழுதது. விலங்குகள்பால் இந்த ஊருக்குப் பாசம் குறைவில்லை.

அச்சத்துக்கான காரணங்களோ முத்தியால்பேட்டையில் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. தீபாவளி மட்டும் அன்று. அருகிலுள்ள வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசி மகத் தீர்த்தவாரிக்குச் சாமிகள் வரும் நாளின் மேளமும் வாணமும், இறுதி ஊர்வலங்களில் தெருவெங்கும் வெடித்துக்கொண்டு போகும் சரவெடியும் நாயின் காதுக்கு ஒன்றுபோலவே பேரிடி. மனிதச் செவி நொடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரை கேட்க, நாயின் செவி ஏறத்தாழ நாற்பத்தைந்தாயிரம் வரை கேட்கிறது. மேலும், பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் பதினான்காம் வாரம் வரை குட்டி கண்டு கேட்டுப் பழகாத எதுவும் பின்னாளில் அச்சம் தரக்கூடும் என்று நடத்தையியல் கூறுகிறது. அந்தப் பருவத்தை இருட்டறையிலோ கூண்டிலோ கழித்த விலைநாய், தெருவிலேயே பிறந்த நாட்டுநாயைவிட வெடிக்கு மிகுதியாக நடுங்குவதில் வியப்பில்லை.

இதற்கான மருத்துவம் மெதுவானது, ஆனால் சோதித்தறியப்பட்டது. பதிவு செய்த வெடியொலியை மிகத் தாழ்ந்த அளவில் ஒலிக்கவிட்டு, அதனோடு பிடித்த தீனியைக் கொடுத்து, நாட்கள் செல்லச் செல்ல ஒலியைச் சிறிது சிறிதாக ஏற்றுவது ஒரு முறை. வெடி என்றால் தீனி என்ற புதிய தொடர்பு பழைய அச்சத்தின் இடத்தைப் பிடிக்கிறது. ஐப்பசியில் தீபாவளி என்றால் ஆவணியிலேயே தொடங்க வேண்டிய வேலை அது. விழா நாளன்று சன்னலடைத்த உள்ளறை, மின்விசிறியின் இரைச்சல், ஒளிந்துகொள்ள ஒரு மூலை, அங்கிருந்து இழுத்து வெளியே கொண்டுவராத வீட்டார் ஆகியன போதுமானவை. பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்ற பழைய எச்சரிக்கைக்கு ஆதாரமில்லை. கடுமையான நிலையில் உண்மையான மருந்துகளும் உண்டு. நாயின் பிரிவுப் பதற்றத்துக்கென ஃபுளூவாக்செடின் அமெரிக்காவில் 2007-இல் ஒப்புதல் பெற்றது. இவற்றைக் கால்நடை மருத்துவர் அளவறிந்து எழுதித் தர வேண்டும். புதுச்சேரிக்காரருக்குக் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மலர்ச்சாரத் துளியும், பூவையும் இலையையும் காய்ச்சி வடித்தெடுக்கும் நறுமண எண்ணெயும் ஒன்றல்ல. முன்னதில் பூ இல்லை என்றே சொல்லலாம்; பின்னதில் அது செறிந்து கிடக்கிறது. பூனையின் ஈரல் இத்தகைய எண்ணெய்ப் பொருள்கள் பலவற்றைச் சிதைக்க வல்லதன்று. தேயிலைமர எண்ணெய் போன்றவை அதன் தோலில் பட்டாலே நஞ்சாகும். ஊர்க்கடைகளில் அடுக்கியிருக்கும் வாசனை எண்ணெய்க் குப்பியை மலர் மருந்தென்று எண்ணிப் பூனைக்குத் தடவுவது ஆபத்து. வீட்டிலேயே மலர்நீர் செய்துபார்க்க முனைவோருக்கு அரளி அழகாகத் தோன்றலாம், ஆனால் அதன் எல்லாப் பகுதியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. துணிவு என்று பெயர் பெற்ற எருக்கின் பாலும் அவ்வாறே. மனிதருக்கென்று விற்கும் சர்க்கரையில்லா மிட்டாய் வடிவ மருந்துகளில் சைலிட்டால் இருக்கக்கூடும், அது நாயின் இரத்தச் சர்க்கரையைத் தடாலெனச் சரிக்கும்.

பாட்சின் முறையில் பாராட்டத்தக்க ஒன்று இருக்கிறது, அது குப்பிக்குள் இல்லை. மருந்தைத் தேர்வதற்கு முன் அம்முறை கேட்கும் கேள்விகள் பல: அச்சம் எப்போது தொடங்கியது, எந்த ஒலிக்கு, யார் அருகில் இருக்கையில், உணவு குறைந்ததா, தூக்கம் கெட்டதா, வீட்டில் புதிதாக யார் வந்தார்கள், யார் போனார்கள்? நாயை அடித்துத் திருத்தும் வழக்கமுள்ள வீட்டில் அக்கேள்விகள் எழுவதே பெரிது. கால்நடை மருத்துவர் கேட்பவையும் பெரும்பாலும் அவையே. விடைகளைத் தேதியும் நேரமும் இட்டு ஒரு தாளில் எழுதி, நடுங்கும் பொழுதையோ கதவைப் பிராண்டும் பொழுதையோ கைப்பேசியில் இரண்டு நிமிடம் படம்பிடித்து எடுத்துச் சென்றால், மருத்துவமனை மேசையில் ஏறியதும் ஒன்றுமறியாததுபோல் வாலாட்டி நிற்கும் அந்த நாய் வீட்டில் எவ்வாறு இருக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.