ஒற்றைப் படிக டர்பைன் பிளேடு

விமான எஞ்சினின் அனல் மிகுந்த பகுதியில் சுழலும் இந்த நிக்கல் கலவைப் பிளேடு, சாதாரண வார்ப்புகளைப் போல் எண்ணற்ற படிக மணிகளின் கூட்டமாக இராமல், அடிமுதல் நுனிவரை ஒரே படிகமாக வளர்ந்தது. மணிக்கும் மணிக்கும் இடைப்பட்ட எல்லைகளிலேதான் உஷ்ணத்தாலும் இழுவிசையாலும் உலோகம் முதலில் தளர்ந்து பிளக்கிறதாகையால், அவ்வெல்லைகளையே ஒழித்துவிட்டனர்.

பிளேடின் கீழே வெட்டாமல் விட்டிருக்கும் திருகுச் சுருளைச் சற்றுக் குனிந்து பாருங்கள். குளிரூட்டிய செப்புத் தட்டின்மேல் ஏககாலத்தில் முளைத்த மணிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு மேலேற, சாய்ந்து வளர்ந்தவை பின்தங்கி மடிய, எஞ்சிய சிலவற்றுள்ளும் ஒன்றே இச்சுருளைக் கடந்து அச்சினுள் பிரவேசிக்கிறது. எளிய உபாயந்தான், ஆனால் சுருளின் பருமனும் சாய்வும் எவ்வளவு இருக்கவேண்டுமென்பதை வார்த்து வார்த்தே அறிவது பெருஞ்செலவு.

1990-களின் தொடக்கத்தில், சுவிட்ஸர்லாந்தின் லோசான் நகரில் மிஷேல் ராப்பாஸும் ஷார்ல்-ஆந்த்ரே கான்டினும், உருகிய உலோகத்தை நுண்ணிய கட்டங்களாகப் பகுத்து, அண்டைக் கட்டம் உறைந்த நிலையையும் அவ்விடத்து உஷ்ணத்தையும் கொண்டு ஒவ்வொரு கட்டமும் எப்போது உறையுமென்று கம்ப்யூட்டர் கணிக்கும் விதிகளை வகுத்தனர்; சுருளை வார்க்காமலே சோதிக்க அவை வழிசெய்தன. முளைகளின் இடமும் சாய்வும் அக்கணிப்பில் தற்செயலாகவே தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

அக்கணிப்பை ஓட்டிப் பார்க்க, அருகிலுள்ள பொத்தானை இருமுறை அழுத்துங்கள். இரண்டாம் முறை பெரும்பாலும் வேறொரு மணியே வெல்லும்.