பைக்கை ஓரங்கட்டு மச்சி!

சனிக்கிழமை லாஸ்ட் ஹவர் முடிஞ்சதும் தண்டலம் காலேஜ் பசங்க பைக் எந்தப் பக்கம் திரும்பும்? பூந்தமல்லி, போரூர் தாண்டி நேரா தி.நகர்தானே! டி-ஷர்ட் வாங்க, ஜூஸ் குடிக்க, சும்மா ஒரு ரவுண்டு வர... எல்லாத்துக்கும் பாண்டி பஜார்.

உங்க அண்ணன், அக்காகிட்ட பழைய பாண்டி பஜாரைப் பத்திக் கேட்டுப் பாருங்க. ரெண்டு பக்கமும் வண்டி வரிசை, பிளாட்பாரம் முழுக்கக் கூட்டம். நடக்கிறவங்க ஹாரன் சத்தத்துக்கு நடுவே ரோட்டில் இறங்கித்தான் போகணும். தீபாவளி சீசன்னா கேட்கவே வேணாம்!

நடைபாதை வியாபாரிகளுக்காக மாநகராட்சி கட்டின தனி வளாகம் 2013-ல் வந்தது. 2014-ல், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போறவங்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. அடுத்து ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் தியாகராய ரோடு அடியோடு மாறியது. 2019 நவம்பரில் திறப்பு விழா. அகலமான நடைபாதை, உட்கார இருக்கை, குழந்தைங்க விளையாட இடம்னு செம மாற்றம்.

சரி, ரோட்டை யாரும் இழுத்து நீட்டலையே... இடம் மட்டும் எங்கேர்ந்து வந்தது? அங்கதான் விஷயமே இருக்கு! வண்டிகள் பிடிச்சிருந்த இடத்தை எடுத்து, நடக்கிறவங்களுக்குத் திருப்பிக் கொடுத்தாங்க, அவ்ளோதான். ஒரு கார் நிற்க சுமார் 12 சதுர மீட்டர் வேணும். அது ஒரு சின்ன ஹாஸ்டல் ரூம் சைஸ்! வண்டிகளுக்குன்னு 2021-ல் பக்கத்திலேயே அடுக்குமாடி பார்க்கிங் வந்தது. அதில் 200-க்கும் மேற்பட்ட கார்கள், 500-க்கும் மேற்பட்ட டூவீலர்கள் நிறுத்தலாம்.

காசு கொடுக்கணுமா பாஸ்?

'ரோட்ல நிறுத்துறதுக்கு எதுக்குக் காசு?'ன்னு நாம சலிச்சுக்குவோம். அமெரிக்காவில் பசடேனான்னு ஒரு ஊர். அதன் பழைய கடைவீதி களையிழந்து கிடந்தது. 1993-ல் அங்கே பார்க்கிங் மீட்டர் வைக்கலாம்னதும் கடைக்காரங்க பயந்தாங்க. 'வசூலாகிற காசை உங்க தெருவுக்கே செலவு பண்றோம்'னு ஊர் நிர்வாகம் சொன்னதும் ஓகே ஆயிடுச்சு. அந்தக் காசில் நடைபாதை, மரம், விளக்குன்னு தெருவே பளிச்! மக்கள் நடந்து வந்தாங்க, வியாபாரமும் ஏறிச்சு. நாம கொடுக்கிற பார்க்கிங் காசும் அதே தெருவுக்கே திரும்பி வந்தா, யார் முணுமுணுக்கப் போறாங்க?

இப்ப நம்ம ஏரியா!

தண்டலத்தில் பெங்களூரு ஹைவே ஓரம் ஒரு டீக்கடை வாசலைக் கவனிங்க. நம்ம பைக்குங்க வரிசையா நிற்கும். ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸில் இறங்குற அக்கா, பைக்கைச் சுத்திக்கிட்டு லாரி வர்ற பக்கமா இறங்கி நடப்பாங்க. நமக்கு அஞ்சு நிமிஷ டீ. அவங்களுக்கு? தினமும் உயிரைக் கையில் பிடிச்ச நடை!

நடைபாதையில் பாதுகாப்பா நடப்பது, அரசியல் சட்டம் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும்னு 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. நடக்க இடம் கேட்கிறது சலுகை இல்லீங்க, உரிமை!

நாம என்ன செய்யலாம்?

* டீக்கடைக்குப் போனா பைக்கை நடைபாதையில் ஏத்தாதீங்க. நாலு அடி தள்ளி நிறுத்தி நடந்து போங்க.

* தி.நகருக்கு ஒருமுறை பைக் இல்லாம போய்ப் பாருங்க. கிண்டி வரை பஸ், அங்கிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயில். 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை, ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுபோய் விடும்.

* சிவில் டிபார்ட்மென்ட் ஆளுங்களா? டேப்பை எடுங்க! தடையில்லாம நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேணும்னு இந்திய சாலைகள் காங்கிரஸ் சொல்லுது. உங்க காலேஜ் வாசலில் எவ்வளவு இருக்குன்னு அளந்து, போட்டோவோட மனு கொடுங்க. மினி புராஜெக்ட்டும் ரெடி!

பைக்கில் பறக்கிற ஹீரோ கூட, ஸ்டாண்டு போட்டு இறங்கினதும் நடந்துதான் ஆகணும். அப்போ கால் வைக்க இடம் இருக்கணும் இல்லையா மச்சி?