நாற்பத்து நான்காவது நகர்த்தல்

1997 மே 3, நியூயார்க். உலக சாம்பியன் காரி காஸ்பரோவுக்கும் ஐபிஎம்மின் டீப் புளூ கணினிக்கும் ஆறு ஆட்டப் போட்டி தொடங்கிய நாள். வெள்ளைக் காய்களுடன் ஆடிய காஸ்பரோவ் ஜெயிக்கும் நிலையில் இருந்தார். 44-ஆவது நகர்த்தலில் கணினி தன் யானையை டி1 கட்டத்துக்குக் கொண்டுபோனது. அங்கே அதற்கு எந்த வேலையும் இல்லை. காஸ்பரோவ் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்; அடுத்த அடி வைத்தால் அது ராணி. கணினியின் தரப்பு தோல்வியை ஒப்புக்கொண்டது.

ஜெயித்தவருக்குத்தான் நிம்மதி போயிற்று. நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசும் இயந்திரம் காரணமில்லாமலா அப்படி ஆடும்? உதவியாளர்களோடு உட்கார்ந்து ஆராய்ந்தார். இயல்பான நகர்த்தலை ஆடியிருந்தாலும் இருபது நகர்த்தல்களுக்கு அப்பால் தோல்விதான் என்று தெரிந்தது. அவ்வளவு தூரத்தையும் டீப் புளூ பார்த்துவிட்டது என்றே முடிவுகட்டினார்கள்.

உண்மையில் அது எதையுமே பார்க்கவில்லை. நிரலில் ஒரு பிழை. எதை ஆடுவதென்று தீர்மானிக்க முடியாமல் போகவே, ஏதோ ஒரு நகர்த்தலைக் குருட்டாம்போக்கில் எடுத்து வைத்திருக்கிறது. டீப் புளூவை உருவாக்கியவர்களில் ஒருவரான முர்ரே காம்ப்பெல் இதைச் சொன்னது, 2012-இல் வெளிவந்த நேட் சில்வரின் புத்தகத்தில்.

இரண்டாவது ஆட்டம்தான் செஸ் ரசிகர்களுக்கு இன்றும் மனம் ஆறாத இடம். தொடர் செக் கொடுத்து டிரா செய்திருக்கக்கூடிய நிலையில் காஸ்பரோவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். எதிரில் இருப்பது அப்படியொரு ஓட்டையை விட்டுவைக்காது என்ற நம்பிக்கை, முதல் ஆட்டத்தின் அந்த யானையிலிருந்தே வேர்பிடித்திருக்க வேண்டும். போட்டி 3½–2½ என்று கணினியின் பக்கம் முடிந்தது.

இதற்கு நேர்மாறான சம்பவம் 1977-இல் டொரன்டோவில், கணினிகளுக்கான உலக செஸ் போட்டியில் நடந்தது. அமெரிக்காவின் டச்சஸ் என்ற நிரல் தன் ராணியால் செக் கொடுத்தது. ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினால் போதும். சோவியத் நாட்டின் கைஸ்ஸாவோ நடுவே தன் யானையைக் கொண்டுவந்து இலவசமாக வெட்டக் கொடுத்தது. முன்னாள் உலக சாம்பியன் மிகைல் போட்வின்னிக் உட்பட அரங்கில் இருந்தவர்களுக்கு அது அப்பட்டமான தவறாகத்தான் தெரிந்தது. ஆட்டத்திலும் கைஸ்ஸா தோற்றது.

பிறகு நிரலாளர்கள் அதே நிலையைத் திரும்பக் கொண்டுவந்து, ராஜாவை நகர்த்திவிட்டு, எதிராளி என்ன செய்வார் என்று கைஸ்ஸாவிடமே கேட்டார்கள். டச்சஸ் தன் ராணியைப் பலி கொடுத்து, பிஷப்பாலும் யானையாலும் மேட் கொடுக்கும் வழியை அது காட்டியது. அரங்கில் ஒருவர் கண்ணிலும் படாத வழி.