உங்களுக்குத் தெரியுமா? உப்புக்கு அஞ்சாத பூஞ்சை

மரக்காணத்து உப்பில் ஊறிய கருவாடு மாதக்கணக்கில் கெடாது. கிருமிகளை உப்பு வாட்டிவிடும். ஆனால் கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை, 10 சதவீத உப்புக் கரைசலில், 40 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் வளரும். கடல்நீரிலேயே உப்பு மூன்றரை சதவீதம்தான்! மற்ற கிருமிகளைக் கழித்து இதை மட்டும் பிடிக்க, ஆய்வுக்கூடங்களில் அந்த உப்பையும் சூட்டையுமே வலையாக விரிக்கிறார்கள்.

ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. 2009-ல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதில் கிடைத்ததால் அந்தப் பெயர். தில்லி மருத்துவமனைகளில் இது பரவியதை ஆய்வாளர் அனுராதா சௌத்ரி குழுவினர் 2013-ல் எழுதினார்கள். 2021-ல் அவர்களே அந்தமானின் ஓர் உவர்ச் சதுப்பிலும் மணற்கரையிலும் இதைக் கண்டதாக அறிவித்தார்கள். இயற்கையில் இது அகப்பட்டது உலகிலேயே அதுதான் முதல்முறை.

வானூர், மரக்காணம் வட்டங்களில் விரிந்துகிடக்கும் கழுவெளியும் உவர்நீர்ச் சதுப்புதான். அதற்காக உப்பளத்தில் இறங்குகிறவர்கள் பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான உடம்பில் பூஞ்சை ரத்தம்வரை போவது மிக அரிது.

ரத்தப் புற்றுநோயாளியின் நிலை வேறு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1500-க்கு மேல் இருக்க வேண்டிய நியூட்ரோபில் வெள்ளணுக்கள், கீமோ சிகிச்சைக்குப் பின் 500-க்கும் கீழே போய்விடும். அதே கீமோ வாயையும் குடலையும் புண்ணாக்கும். பலருடைய குடலில் சாதுவாகக் குடியிருக்கும் கேண்டிடா வகைகள் அந்தப் புண் வழியே ரத்தத்தில் இறங்கிவிடும். மருந்து ஏற்றப் பொருத்திய குழாய் இன்னொரு வாசல்.

கேண்டிடா மட்டுமல்ல, வேறு பூஞ்சையும் உண்டு. நெல் தூசியோ இலையோ கண்ணில் பட்டு நம் விவசாயிகளுக்குக் கருவிழிப் புண் வருகிறதே, அதற்கு அடிக்கடி காரணமாவது ஃப்யூசேரியம் என்ற மண் பூஞ்சை. வெள்ளணு குறைந்த நோயாளிக்கோ, நகச்சுற்றுப் புண் வழியாகவே அது ரத்தத்துக்குள் போய்விடலாம்.

கீமோ முடிந்து வீடு திரும்பியவருக்குத் தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், நள்ளிரவானாலும் கிளம்பிவிட வேண்டும். வானூர்ப் பக்கத்தாருக்குக் புதுச்சேரி கோரிமேட்டின் ஜிப்மர் மருத்துவமனை எட்டும் தூரம்தான். "ஒரு பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாம், விடியட்டும்" என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள். மாத்திரையில் சுரம் இறங்கும், கிருமி இறங்காது. உள்ளே பரவிய கேண்டிடாவை ரத்தக் கல்ச்சர் சோதனை ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் ஆன்டிபயாடிக் கொடுத்தும் நான்கைந்து நாள் சுரம் நிற்காவிட்டால், முடிவு வருமுன்பே பூஞ்சை மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

அந்தப் பூஞ்சை மருந்துகளில் மூத்தது ஆம்போடெரிசின்-பி. 1950-களில் வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றங்கரை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரி தந்தது. சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் மருந்து என்பதால், பல நேரம் முன்னதாகவே ஒரு பாட்டில் சலைன், அதாவது உப்புநீர், ஏற்றிக் காப்பு கொடுப்பார்கள். ஆனால் மருந்தை அந்த உப்புநீரில் கலக்க மாட்டார்கள். கலந்தால் திரிந்து படிந்துவிடும். குழாயைக்கூட குளுக்கோஸ் விட்டுக் கழுவிய பிறகே, குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள்.