தன் பெயரைப் போடாத தலைவர்

பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடக்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு கருவி செய்ய வேண்டும். ஆசிரியர் உங்களைக் குழுத் தலைவராக்கிவிட்டார். பெரும்பாலும் நடப்பது இரண்டில் ஒன்று. தலைவரே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார். மற்ற நால்வரும் கம்பி வெட்டிக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அல்லது தலைவர் கையைக் கட்டிக்கொண்டு கட்டளையிடுவார். பரிசு வாங்கும்போது மட்டும் முன்னால் வந்து நிற்பார். இவ்விரண்டும் அல்லாத வழி உண்டா?

உண்டு. அதைக் காட்டியவர் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறார். அணுவின் நடுவில் அணுக்கரு இருக்கிறது என்று 1911-இல் சொன்ன ரூதர்போர்டுதான் அவர். நியூசிலாந்தில் 1871-இல் பிறந்த அவர், 1907 முதல் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும், 1919 முதல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்திலும் ஆராய்ச்சிக் குழுக்களை நடத்தினார். அவர் நோபல் பரிசு பெற்றது 1908-இல். ஆனால் அவரிடம் வேலை செய்தவர்களில் பிற்காலத்தில் அப்பரிசைப் பெற்றோரைப் பாருங்கள்: சாடி, போர், ஹான், சாட்விக், பிளாக்கெட், காக்ராஃப்ட், வால்டன், கபீட்சா. பட்டியல் இத்துடன் முடியவில்லை. ஒரு மனிதரைச் சுற்றி இத்தனை பேர் வளர்ந்தார்கள் என்றால் அது தற்செயலாக இருக்க முடியாதல்லவா?

முதலில் மான்செஸ்டருக்குப் போவோம். அக்காலத்தில் ஆல்ஃபா துகள்களை எண்ணுவதற்கு மின்னணுக் கருவிகள் இல்லை. துத்தநாக சல்பைடு பூசிய திரையில் துகள் மோதும்போது ஒரு சிறு ஒளிப்பொட்டு தோன்றி மறையும். இருட்டறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, நுண்ணோக்கி வழியாக ஒவ்வொரு பொட்டாக எண்ண வேண்டும். ரூதர்போர்டுக்கு இதில் பொறுமை கிடையாது. ஓரிரண்டு நிமிஷத்திலேயே எழுந்துவிட்டதாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் அவருடைய உதவியாளர் கைகர் இரவு முழுவதும் சலிக்காமல் எண்ணக் கூடியவர். அந்த வேலை அவரிடம் போயிற்று. தனக்கு வராத வேலை எது, அது யாருக்கு வரும் என்று தெரிந்து வைத்திருப்பது எல்லாத் தலைவர்களிடமும் இருக்கும் குணமல்ல.

மார்ஸ்டென் என்ற இளைஞர் அப்போது பட்டப்படிப்பு மாணவர், வயது இருபதுதான். அவருக்கும் ஒரு சிறு ஆராய்ச்சி கொடுக்கலாமே என்றார் கைகர். உலோகத் தகட்டில் மோதும் ஆல்ஃபா துகள்களில் எவையேனும் பெருங்கோணத்தில் திரும்புகின்றனவா என்று பார்க்கச் சொன்னார் ரூதர்போர்டு. திரும்பும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கை அந்தப் பையனுக்குக் கொடுக்காமல், யாருக்கும் விடை தெரியாத கேள்வியைக் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். பிளாட்டினத் தகட்டில் மோதிய ஏறக்குறைய 8,000 துகள்களில் ஒன்று பின்புறமாகத் திரும்பியது! அணுக்கருவின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1909-இல் வெளியான அந்தக் கட்டுரையில் இரண்டே பெயர்கள்: கைகர், மார்ஸ்டென். கேள்வி ரூதர்போர்டுடையது, ஆய்வுக்கூடம் அவருடையது; பெயர் மட்டும் அவருடையது இல்லை.

தானும் கூட இருந்து செய்த வேலையில் அவர் பெயரைப் போட்டுக்கொள்ளத்தான் செய்தார். அதில் தவறில்லை. பிறர் கை செய்த வேலையில் தம் பெயரை ஏற்றுவதில்லை என்பதே அவர் கடைப்பிடித்த வழக்கம். தலைமைப் பதவியில் இருப்பவருடைய பெயர் தானாகவே கட்டுரையில் ஏறிவிடும் இடங்கள் இன்றும் உண்டு. இளைஞர்களின் உற்சாகத்தைக் கெடுக்க இதைவிட எளிய வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி கேம்பிரிட்ஜ். அங்கே சாட்விக் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தார். நாள்தோறும் காலை 11 மணியளவில் இருவரும் சந்தித்து, கூடத்தில் என்ன நடக்கிறது என்று பேசுவார்கள். 1932 தொடக்கத்தில் ஒருநாள், பாரிஸிலிருந்து வந்த செய்தி ஒன்றைச் சாட்விக் சொன்னார். பெரிலியத்திலிருந்து வரும் ஒருவகைக் கதிர், பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களை வேகமாக வெளியே தள்ளுகிறதாம். அது காமாக் கதிர் என்று பாரிஸ் விஞ்ஞானிகள் கருதினார்கள். ரூதர்போர்டு அதை நம்பவே முடியாது என்று உரக்கச் சொன்னார். ஏன்? எலெக்ட்ரானைக் காமாக் கதிர் தள்ளலாம். ஆனால் புரோட்டானோ அதைப்போல் 1,836 மடங்கு கனமானது. அரிசிமணியை எறிந்து கருங்கல்லை உருட்ட முடியுமா?

ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அவர் நம்ப மறுத்தது விளக்கத்தை மட்டுமே. கண்ணால் கண்டதை ஏற்கத்தான் வேண்டும், விளக்கம் வேறு விஷயம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். சாட்விக் உடனே பரிசோதனையில் இறங்கினார். ஒரு கோலிக்குண்டு அதே எடையுள்ள இன்னொன்றை நேராக அடித்தால், அடித்தது நின்றுவிட, அடிபட்டது அதே வேகத்தில் ஓடும். நீங்கள் விளையாட்டில் பார்த்திருப்பீர்கள். புரோட்டானைத் தள்ளுவது அதன் எடையே உள்ள, மின்னூட்டம் இல்லாத துகள் என்றால் கணக்குச் சரியாக வந்தது. இப்படி ஒரு துகள் இருக்கலாம் என்று ரூதர்போர்டு 1920-லேயே ஒரு சொற்பொழிவில் கூறியிருந்தார். ஆயினும் நியூட்ரானை அறிவித்த கட்டுரையில் சாட்விக்கின் பெயர் மட்டுமே இருந்தது. 1935-இல் நோபல் பரிசும் அவருக்கே.

அதே 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 14. காக்ராஃப்டும் வால்டனும் பல இலட்சம் வோல்ட் மின்னழுத்தத்தில் புரோட்டான்களை விரைவுபடுத்தும் கருவியொன்றைக் கட்டியிருந்தார்கள். ஆனால் அதை மேலும் மேலும் செப்பனிட்டுக்கொண்டே நாளைக் கடத்தினார்கள். போதும், பரிசோதனையைத் தொடங்குங்கள் என்று ரூதர்போர்டு விரட்டினார். லித்தியத்தின்மேல் புரோட்டான்களைச் செலுத்தியபோது, கருவியின் அடியிலிருந்த சிறு பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த வால்டன் திரையில் ஒளிப்பொட்டுகளைக் கண்டார். காக்ராஃப்டை அழைத்தார்; இருவரும் ரூதர்போர்டை அழைத்தார்கள். பருத்த உடம்புக்காரரான அவர் அந்தப் பெட்டிக்குள் எப்படியோ தம்மை நுழைத்துக்கொண்டு பார்த்தார். ஆல்ஃபா துகள்தான் என்றார். அதை அவரைவிட யார் அறிவார்? லித்தியம் அணுக்கரு புரோட்டானை ஏற்று இரண்டு ஹீலியம் அணுக்கருக்களாகப் பிளந்திருந்தது. அறிவிப்பில் காக்ராஃப்ட், வால்டன் என்ற இருவர் பெயரே இருந்தது.

தட்டிக்கொடுப்பது மட்டும்தான் அவர் வேலை என்று எண்ண வேண்டாம். நீல்ஸ் போர் 1913-இல் தமது அணுக் கொள்கையை எழுதி அனுப்பியபோது, கட்டுரை மிக நீளம், குறைக்கலாம் என்று எழுதினார். அத்துடன் ஒரு கேள்வியும் கேட்டார்: ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் தாவும் எலெக்ட்ரான், எந்த அதிர்வெண்ணில் அதிர வேண்டும் என்று எப்படித் தீர்மானிக்கிறது? கொள்கையின் மர்ம இடத்தில் சரியாக விரல் வைத்த கேள்வி இது. போர் நேரில் வந்து மாலைப்பொழுதுகளில் வரிவரியாக வாதாடினார். கேட்டு முடித்த ரூதர்போர்டு, கட்டுரையை வெட்டாமலேயே வெளியிட வழிசெய்தார். போருக்கு அப்போது வயது 27.

மாலை 6 மணிக்கு கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். வீட்டுக்குப் போய்ச் சிந்திக்க வேண்டும் என்பது அவர் விதி. எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், எடுத்த அளவீடுகளைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த அளவீட்டுக்கு ஓடும் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த விதி நினைவுக்கு வரும்.

கபீட்சாவைப் பற்றி ஒரு கதை உண்டு. ருஷ்யாவிலிருந்து 1921-இல் வந்து அவர் இடம் கேட்டபோது, கூடம் நிரம்பிவிட்டது, ஏற்கெனவே முப்பது பேர் இருக்கிறார்கள் என்றாராம் ரூதர்போர்டு. உங்கள் பரிசோதனைகளில் எவ்வளவு பிழை வரும் என்று கேட்டார் கபீட்சா. மூன்று சதவீதம் இருக்கலாம் என்று பதில் வந்தது. அப்படியானால் முப்பதில் ஒருவர் கூடினால் பிழை எல்லைக்குள் மறைந்துவிடுமே என்றாராம்! இடம் கிடைத்தது. இவர்தான் ரூதர்போர்டுக்கு 'முதலை' என்று பட்டப்பெயர் வைத்தவர். கேம்பிரிட்ஜில் கபீட்சாவுக்காகக் கட்டிய கூடத்தின் சுவரில் ஒரு முதலை செதுக்கப்பட்டிருக்கிறது. 1934-இல் சொந்த நாடு சென்ற கபீட்சாவைச் சோவியத் அரசு திரும்ப விடவில்லை. அவரை மீட்க முயன்று முடியாதபோது, அவருடைய கருவிகளையே 30,000 பவுனுக்குச் சோவியத் அரசுக்கு விற்று அனுப்ப ரூதர்போர்டு ஏற்பாடு செய்தார். ஆளை இழந்தாலும் அவர் ஆராய்ச்சி நிற்கக் கூடாதல்லவா?

குறைகளும் இருந்தன. சட்டென்று கோபம் வரும். பிறகு மன்னிப்புக் கேட்பார். அவருடைய இடிக்குரல் நுண்கருவிகளைக் குழப்பியதால், மெதுவாகப் பேசவும் என்று ஆய்வுக்கூடத்தில் பலகை தொங்கவிட்டார்கள். அதன் அடியிலேயே அவர் நின்று பேசும் புகைப்படம் ஒன்று இருக்கிறது. இவை சிறியவை. சற்றுப் பெரிய குறை, செலவு பிடிக்கும் கருவிகள்மேல் அவருக்கிருந்த தயக்கம். கையால் செய்த எளிய கருவிகளைக் கொண்டு பெரும் உண்மைகளைக் கண்டவர் அவர். அமெரிக்காவில் லாரன்ஸ் கண்ட சைக்ளோட்ரான் கேம்பிரிட்ஜுக்கும் வேண்டும் என்று சாட்விக் கேட்டபோது அவர் இசையவில்லை. ஒருவரை வெற்றிபெறச் செய்த பழக்கமே பின்னாளில் தடையாவதும் உண்டு. காலை 11 மணிச் சந்திப்பும் இந்தப் பிளவைத் தடுக்கவில்லை.

சாட்விக் 1935-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே சைக்ளோட்ரான் கட்டக் கிடைத்த மானியத்தில் கொஞ்சம் குறைந்தபோது, தம் நோபல் பரிசுப் பணத்திலிருந்து ஈடுகட்டினார். 1936-இல் ஒரு செல்வரின் பெரும் நன்கொடை வந்தபின் கேம்பிரிட்ஜிலும் சைக்ளோட்ரானுக்கு ஏற்பாடாயிற்று. 1937 அக்டோபர் 19 அன்று ரூதர்போர்டு காலமானார். லிவர்பூல் சைக்ளோட்ரான் 1939-இல் இயங்கத் தொடங்கியது.