சுழலை மாற்றி எழுதிப் பழகுவோம்

ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களைக் கூட்டினால் 55 வரும். இவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கும்போது ஒவ்வொரு கூட்டலையும் தனித்தனியே எழுத வேண்டியதில்லை. ஒரே ஆணையைப் பத்து முறை செய்யச் சொன்னால் போதும். இதற்கு 'லூப்', அதாவது சுழல் என்று பெயர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995-இல் அறிமுகப்படுத்திய ஜாவா மொழியில் 'ஃபார்', 'வைல்', 'டூ-வைல்' என்னும் சுழல்கள் உண்டு. ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதிப் பார்த்தால் இவற்றின் இயல்பு நன்கு விளங்கும்.

நம் சுழலுக்கு மூன்று உறுப்புகள் தேவை. எண்ணியின் தொடக்க மதிப்பு 1. எண்ணி 10-ஐத் தாண்டாதவரை தொடர வேண்டும் என்பது நிபந்தனை. சுற்றுக்கு ஒன்று கூடுவது மாற்றம். 'ஃபார்' இம்மூன்றையும் ஒரே வரியில் அடக்கிவிடுகிறது. அதை 'வைல்' ஆக்க வேண்டுமா? தொடக்க மதிப்பைச் சுழலுக்கு மேலே எழுதுங்கள். நிபந்தனையை 'வைல்' வரியில் வையுங்கள். மாற்றத்தைச் சுழலுக்குள் கடைசி வரியாக எழுதுங்கள். விடை அதே 55தான்.

இனி, 3-ஆல் வகுபடும் எண்களை மட்டும் விட்டுவிடுவோம். அவ்வெண் வந்தால் 'கண்டினியூ' என்று ஆணையிடுகிறோம். 'ஃபார்' சுழலில் எண்ணி ஒன்று கூடிய பிறகே நிபந்தனை சோதிக்கப்படும், விடை 37. 'வைல்' சுழலிலோ, 'கண்டினியூ' கடைசி வரியையும் சேர்த்துத் தாண்டிவிடும். எண்ணி 3-லேயே நிற்கும். சுழல் முடியவே முடியாது! 'கண்டினியூ'வுக்கு முன்பும் எண்ணியைக் கூட்டிவிடுவதே பரிகாரம்.

இது ஏட்டுப் பிழை மட்டும் அன்று. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 'சூன் 30' இசைக் கருவிகள் இயங்காமல் நின்றுவிட்டன. நாள்களை ஆண்டுகளாக மாற்றும் 'வைல்' சுழலே காரணம். மீதி நாள்கள் 365-க்கு மேல் இருக்கும்வரை அது சுழலும். லீப் ஆண்டில் 366-க்கு மேல் இருந்தால்தான் கழிக்கும். அன்று மீதி சரியாக 366! கழிக்கவும் வழியில்லை, வெளியேறவும் வழியில்லை. அது ஜாவா நிரல் அன்று. ஆனால் பிழை அதே இனம்.

'டூ-வைல்' முதலில் வேலையைச் செய்துவிட்டுப் பிறகே நிபந்தனையைப் பார்க்கும். மேல் எல்லை 10-க்குப் பதில் 0 என்றால், 'வைல்' தரும் கூட்டுத்தொகை 0. 'டூ-வைல்' தருவது 1. ஆகவே அதன்முன் 'இஃப்' என்னும் காவல் வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்: 10-இலிருந்து 1 வரை இறங்கு வரிசையில் எண்ணும் சுழலை மூன்று வகையிலும் எழுதுங்கள். கணிப்பொறியில் இடுமுன் தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணியின் மதிப்பைக் குறித்துவாருங்கள். எந்த வழியில் போனாலும் எண்ணி மாறுகிறதா என்று பாருங்கள். மாறாத வழி ஒன்று இருந்தால், முடிவில்லாச் சுழல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.