தமிழ் எழுத்துருக்களில் தடித்த சாய்வு வடிவம்: வடிவமைப்பும் பயன்பாடும்

முன்னுரை

செரிஃப் எனப்படும் முனைக்கோடுகள் இல்லாத எழுத்துருக்கள் கணினித் தமிழில் பெருவழக்காக உள்ளன. அவற்றைத் தடிப்பாக்கியும் சாய்த்தும் தலைப்புகளிலும் நூற்பெயர்களிலும் கையாளுதல் ஆய்வேடுகளிலும் காணப்படுகிறது. உரோமன் எழுத்துக்குரிய இவ்வழக்கம் தமிழ் எழுத்தின் தெளிவை எங்ஙனம் பாதிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சாய்வெழுத்தின் தோற்றம்

வெனிசு நகரின் ஆல்டசு மனூத்தியசு 1501இல் வர்ஜிலின் படைப்புகளைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய அவ்வெழுத்து, விரைவுக் கையெழுத்தைத் தழுவியதால் வடிவத்திலேயே நேரெழுத்தினின்று வேறுபட்டது. 1957இல் வெளிவந்த யூனிவர்சு போன்ற செரிஃப் அற்ற எழுத்துருக்களில் பெரும்பாலும் நேர்வடிவமே சாய்க்கப்பட்டது. நேரெழுத்துக்கு இணையாக நின்று பொருள் வேறுபாடு காட்டும் இத்தகைய சாய்வெழுத்து மரபு தமிழ்க் கல்வெட்டிலோ ஓலையிலோ உருவாகவில்லை.

கணினி எழுத்துருக்களில் சாய்வு

பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான் ஒன்பது தடிப்பு நிலைகளையும், ஹிந்த் மதுரை ஐந்து நிலைகளையும் கொண்டவை. இரண்டிலும் சாய்வு வடிவம் இல்லை. பயனர் சாய்வைத் தேர்ந்தெடுக்கும்போது மென்பொருளே நேர்வடிவத்தைச் சரித்துக் காட்டுகிறது. 14 பாகைச் சரிவில் ஒரு புள்ளி, தான் நிற்கும் உயரத்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வலப்புறம் நகர்கிறது.

புள்ளியும் சுழியும்

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் விதி. மரம் – மர்ம, தரம் – தர்ம, கரம் – கர்ம ஆகிய இணைகளில் எழுத்துகள் ஒன்றே. புள்ளி நிற்கும் இடம் மட்டுமே வேறு. ரகரம் குறுகிய எழுத்தாதலால், சரிந்த வடிவில் அதன் புள்ளி அடுத்த எழுத்தின் எல்லையை நெருங்குவதாகத் தோன்றும். தடிப்பு மிகுந்தால் சுழிகளின் உள்வெளி அடைபடும். சிறிய அளவில் மனம், மணம் என்பவற்றை வேறுபடுத்தும் சுழி எண்ணிக்கை மங்கும்.

உத்திரமேரூரிலுள்ள முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் போன்ற சோழர் காலச் சாசனங்களில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. அவற்றைப் படிப்போர் சூழல் நோக்கியே மெய்யை உணர்கின்றனர். கல்வெட்டுப் பாடங்களையும் அருஞ்சொற்களையும் தடித்த சாய்வில் அச்சிடுவது, பதிப்பாசிரியர் புள்ளியிட்டுத் தெளிவாக்கிய வாசிப்பை மீண்டும் ஐயத்துக்கு உள்ளாக்கும்.

பயன்பாட்டு நெறிகள்

சுவரொட்டி, நூலட்டை, பெரிய தலைப்பு ஆகியவற்றில் இவ்வடிவம் விரைவையும் அழுத்தத்தையும் உணர்த்த உதவும். அங்கு எழுத்தின் அளவு பெரிதாதலால் சுழிகள் திறந்தே நிற்கும். மேற்கோள், அடிக்குறிப்பு, பாடவேறுபாடு ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. நூற்பெயரை மேற்கோள்குறிக்குள் நேரெழுத்தில் தருவதும், அழுத்தம் வேண்டுமிடத்துத் தடிப்பை மட்டும் கையாள்வதும் போதுமானவை.

முடிவுரை

தமிழுக்குத் தடித்த சாய்வு வடிவம் வேண்டுமெனில், ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே வரைந்து, சரிவைக் குறைத்து, சுழிகளை அகலமாக்கி, புள்ளியைத் தன் எழுத்தின்மேல் மீள நிறுத்துதல் வேண்டும். அத்தகைய எழுத்துரு கைவரும் வரை ஆய்விதழ்கள் உடற்பகுதியில் இயந்திரச் சாய்வைத் தவிர்ப்பது பாடத்தின் நம்பகத்தன்மையைக் காக்கும்.